பனியை நாங்கள் கூப்பிடவில்லை

இந்த வருடத் திருவிழாவில் தேர் சுற்றி வந்து நின்ற நேரம், உங்களில் ஒருத்தி தன் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “நாங்க சின்னப் புள்ளையில பனியக் கூப்பிட்டு ஒரு மலையவே கருக்கிட்டோம் தெரியுமா? அப்புறம் சாமிக்கிட்ட மன்னிப்புக் கேட்டுத்தான் எல்லாம் சரியாச்சு.” பையன் சிரித்தான். சுற்றி நின்ற நீங்களும் சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடக் கூடாது என்று பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனது ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவள் நான். விளக்கேற்றாமல் அடுப்பு மூட்டாதவள். சாமியைக் குறைத்து ஒரு சொல்லும் இதில் வராது. ஆனால் நமக்கெல்லாம் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. நம் பிள்ளைகளிடம் நாமே நம்மைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அன்று நாம் ஒரு தப்பும் செய்யவில்லை. மலையைக் கருக்கியது நாமில்லை.

பண்டாரவளையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, அந்தப் பஸ்ஸும் இனி ஏற முடியாது என்று நின்றுவிடுகிற இடத்திலிருந்து நடந்தால், வரிசை வீடுகளாக லயங்கள் உள்ள நம் தேயிலைத் தோட்டம். அதன் பள்ளிக்கூடம் உங்களுக்குத் தெரியும்; டவுனில் பிறந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு மாஸ்டர். மாஸ்டர் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் நேரம் மற்ற நான்கு வகுப்பும் சந்தையாகிவிடும். அதனால் ஐந்தாம் வகுப்பில் கொஞ்சம் வாய் உள்ள பிள்ளையாகப் பார்த்து, சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள விடுவார். அந்த வருடம் எனக்கு வாய் இருந்தது. முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர், அதாவது நீங்கள், என் பொறுப்பு. அதில் ஒருத்தி என் தங்கச்சி. அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து.

தை பிறந்த மறு வாரம் தங்கச்சிக்கு நெஞ்சில் சளி. அப்பா மலை வேலைக்கு, அம்மா கொழுந்து பறிக்க. நான்தான் அவளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனை. மருந்து அறையில் ஒரு பழைய பிரிட்ஜ் இருந்தது, குழந்தைகளுக்குக் கொடுக்கும் சொட்டு மருந்து வைக்க. அதன் மேல் ஒரு போட்டோ. வாலிபன் ஒருவன் இடுப்பு வரை வெள்ளையில் புதைந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

“அந்த மாமா ஏன் உப்புக்குள்ள நிக்கிறாரு?” என்று தங்கச்சி கேட்டாள்.

“உப்பில்லைப் பிள்ளை. பனி மழை. அது என்ரை மோன். கனடாவிலை நிக்கிறான்.”

“மழைன்னா நனையணுமே?”

“ஆலங்கட்டி மழையாங்க?” என்றேன் நான். “எங்க லயத்துத் தகரத்துல ஒருக்கா விழுந்துச்சுங்க. அடுத்த வூட்டு ஆயா சட்டியில பொறுக்கி வச்சாங்க.”

“அது கல்லு. இது பூ.” அவர் பிரிட்ஜைத் திறந்து மேல்தட்டைக் காட்டினார். சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. “இஞ்ச பார். இதிலை ஆர் தண்ணி ஊத்தினது?”

“யாரும் ஊத்தலைங்களே.”

“காத்துக்குள்ளை தண்ணி இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. நல்லாக் குளிர்ந்த இடத்திலை பட்டால், தண்ணியாகாமலே நேரை உறைஞ்சு போடும். மேலை மேகத்துக்குள்ளையும் இதுதான் நடக்குது. ஒரு சின்னத் தூசியைப் பிடிச்சுக்கொண்டு உறையத் தொடங்கும். விளங்குதே?”

மருந்துக் குளிசை போடும் கடித உறையை எடுத்து, அதன் மேல் ஒரு பூ வரைந்தார். நடுவில் புள்ளி, சுற்றிக் கை. “எப்பவும் ஆறு கைதான். அஞ்சும் இல்லை, ஏழும் இல்லை. தண்ணியின்ரை சின்னச் சின்னத் துணிக்கையள் ஒண்டோடை ஒண்டு கை கோக்கிற விதம் அப்பிடி.”

எனக்கு உடனே முருகன் ஞாபகம் வந்தது. ஆறு என்றால் எனக்கு வேறு என்ன ஞாபகம் வரும்? அந்த உறையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். கேட்டுக் கேட்டு ஒரு போத்தல் மூடி அகல ஐஸ் கட்டிகள் நாலும், மருந்துப் பெயர் வாசிக்க அவர் வைத்திருந்த பூதக்கண்ணாடியும் வாங்கிக்கொண்டேன். “ஒரு கிழமையிலை திருப்பித் தர வேணும்” என்றார். ஐஸை அம்மாவின் பழைய கம்பளித் துண்டில் சுற்றி ஓடினேன். தங்கச்சி இருமிக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள்.

மாஸ்டர் பெரிய வகுப்புக்கு நீண்ட வகுத்தல் கணக்குப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். ஒரு பால்மா டின்னில் ஐஸைத் தட்டிப் போட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் கொண்டு வந்த கல்லுப்பை அள்ளிக் கொட்டி, கரண்டியால் கிண்டினேன். பதினான்கு தலையும் டின்னைச் சுற்றி முட்டிக்கொண்டு நின்றன. கொஞ்ச நேரத்தில் டின்னின் வெளிப்புறம் புகை படிந்த மாதிரி மங்கி, பிறகு வெளுத்து, மெல்லிசாகச் சொரசொரவென்று ஒரு வெள்ளை படர்ந்தது.

“டின்னு ஓட்ட!” என்றான் ஒருவன்.

“ஓட்டன்னா தண்ணிதானடா சொட்டணும்? சொட்டுதா?”

“அக்கா, அப்ப அது எங்கேருந்து வந்துச்சு?”

“ஓவ் வாயிலருந்து. ஊது பாப்போம்.” ஊதினான். வெள்ளை இன்னும் தடித்தது. அவ்வளவுதான், பதினான்கு பேரும் ஊதத் தொடங்கிவிட்டார்கள். எச்சில் தெறித்தது. ஒருத்தி நக்கிப் பார்த்து, “உப்பு இல்ல, சப்புன்னு இருக்கு” என்று தீர்ப்புச் சொன்னாள்.

“பனி உண்டாக ஒரு தூசி வேணும்” என்றேன்.

“எங்க லயத்துல நெறைய தூசி இருக்கேக்கா. ஏன் விழல?”

“தூசி இருந்தாப் போதாது. அந்த அளவு குளுரணும்.”

பிறகு ஏழு பேரை எழுப்பி, ஒருவனை நடுவில் நிறுத்தி, ஆறு பேரைச் சுற்றிக் கை கோக்க வைத்தேன். “நீங்கதான் தண்ணித் துணிக்கை. குளுருது. நெருங்கி நில்லுங்க. ஆறு பேரு. முருகனுக்கு எத்தன முகம்?” “ஆறூ!” மண்டபமே அதிர்ந்தது. மாஸ்டர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். முருகனையும் பனியையும் சேர்த்துச் சொன்னது சரியா என்று இன்று யாராவது கேட்டால், அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தரும் இன்றுவரை எட்டுக் கைப் பனி வரைய மாட்டார்கள் என்று பதில் சொல்வேன். ஒரு பிழை மட்டும் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஐயா வரைந்த பூ உள்ளங்கை அகலம் இருந்ததால், கனடாவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூ விழும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

ஃபேக்டரிக்குப் பின்னால் குப்பை மேட்டில், தேயிலைத்தூள் அடைக்கும் பெட்டிக்குள் ஒட்டும் வெள்ளித்தாள் துண்டுகள் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி வந்தோம். கையில் தேயிலை மணம் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. பாதியாக மடித்து, அதை மூன்றாக மடித்து வெட்டினால் ஆறு கை வரும். ஆளுக்கொன்று வெட்டி, சாக்கு நூலில் கட்டினோம். எங்கே தொங்கவிடுவது?

பள்ளிக்கூடத்துக்குக் கீழே பள்ளத்து மலை. நமக்கு மலை என்றால் தேயிலை நிற்கும் இடம் எல்லாம் மலைதான், பள்ளமாக இருந்தாலும். அந்த மலையில் தேயிலைச் செடிகளைக் கட்டையாக இறக்கும் கவ்வாத்து வெட்டி முடித்து, வெட்டிய கட்டைகளில் அப்போதுதான் துளிர் வந்திருந்தது. அந்த வருடம் கவ்வாத்தோடு சேர்த்து நிழல் மரங்களின் கிளைகளையும் ஒரேயடியாக இறக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கிளைகளை லயத்துக்கு விறகாகக் கொடுத்தார்கள். நிழல் மரமெல்லாம் மொட்டைக் கம்பாக நின்றது. ஒரே ஒரு மரம் தப்பியது. கவ்வாத்து சாமி மரம். வெட்டத் தொடங்கும் நாளில் ஆண்கள் கத்தியை வைத்துக் கும்பிடுகிற கல் அதன் அடியில் இருக்கிறது. அந்த மரத்தில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். எங்களுக்கு எட்டுகிற கிளை உள்ள மரமும் அது ஒன்றுதான்.

கும்பிட்டுவிட்டுத்தான் கட்டினோம். பதினைந்து வெள்ளிப் பூ. காற்றில் சுழன்று, வெயில் பட்டு, செடிகளின் மேல் வெளிச்சத்தை அள்ளி எறிந்தது. தங்கச்சி கையைத் தட்டிக்கொண்டு கத்தினாள்: “வா வா, வெள்ளையா வா! மெதுவா வா, மேல விழ வா!” மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தின. சாமிக்கு விளக்கு வைக்க எண்ணெய்த் தூக்கோடு வந்த பூசாரி மாமா நின்று பார்த்தார். “என்னாடி கூத்து இது?” என்றார். “பனிப் பாடம் மாமா” என்றேன். சிரித்துக்கொண்டே போனார். சிரித்துக்கொண்டேதான் போனார், மறந்துவிடாதீர்கள்.

நாலு நாள் கழித்து ஒரு காலை. எழுந்து கதவைத் திறந்தால் மூக்கு விறைத்தது. காற்றே இல்லை. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம். பள்ளிக்கூட வளைவில் திரும்பினால், பள்ளத்து மலை முழுவதும் வெள்ளை.

நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன். புல் காலடியில் நொறுங்கியது. ஒவ்வொரு துளிரின் ஓரத்திலும் பல் பல்லாக, கண்ணாடித் தூள் ஒட்டிய மாதிரி. பூதக்கண்ணாடியை ஆளாளுக்குப் பிடுங்கிப் பார்த்தார்கள். முழு ஆறு கை ஒன்றும் தெரியவில்லை. ஊசி ஊசியாகத்தான் இருந்தது. இருந்தால் என்ன? கனடாவே நம் பள்ளத்துக்கு வந்துவிட்டது என்று குதித்தோம். தங்கச்சி இரண்டு உள்ளங்கையிலும் வழித்து எடுத்து, “அக்கா, சுடுதுக்கா!” என்று சிரித்தாள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து கொழுந்துக் கூடையோடு பெண்கள் மேலே ரோட்டில் வந்தார்கள். நாம் வெள்ளைக்குள் நின்று கைகொட்டிச் சிரித்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. வெள்ளை கரைந்தது. மத்தியானத்துக்குள் துளிரெல்லாம் சுடுதண்ணீர் ஊற்றியது போல் வாடி, மறுநாள் கறுத்துவிட்டது. வெட்டி வளர்த்த மலை. அடுத்த மாதத்திலிருந்து பறிக்கலாம் என்று நம்பியிருந்த மலை. இனி எப்போது துளிர்க்கும் என்று தெரியாது. வேலை குறைந்துவிடும் என்று லயம் முழுக்க ஒரே புலம்பல். பள்ளத்து மலையில் இப்படி ஆனதைக் கண்டதே இல்லை என்றார்கள் வயசானவர்கள். இதற்கு முன்னால் அங்கே என்ன நடந்தது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பூசாரி மாமா சொல்லியிருக்கிறார்.

அன்று மாலையே தலைவர் நம் வாசலில் நின்றார். தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று துரையிடம் பேசுகிறவர். கோயில் காரியமும் அவர்தான்.

“ஒம் புள்ளைங்க சாமி மரத்துல ஏவல் மாதிரி என்னத்தையோ கட்டி, வா வான்னு கூப்பிட்டிருக்குதுங்க. வந்துருச்சுல்ல?” என்றார் அப்பாவிடம். “வெள்ளிக்கெழம எல்லாப் புள்ளையும் ஈரத் துணியோட கல்லச் சுத்தணும். மூத்தவ முன்னாடி நின்னு, தெரியாம கூப்பிட்டுட்டோம், மன்னிச்சிரு சாமின்னு சொல்லணும். அதோட அந்தப் பாடம் கீடமெல்லாம் நிப்பாட்டணும்.”

அப்பா கவ்வாத்துக்காரர். பேச்சுக் குறைவு. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மாதான், “சொல்லிருவா, தலைவரே. நான் சொல்ல வைக்கிறேன்” என்றாள்.

நானும் சொல்லியிருப்பேன். ஒளிக்க மாட்டேன். அவ்வளவு பேர் ஒரே குரலில் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்குத் தானே தப்புச் செய்ததாகத்தான் தோன்றும். தங்கச்சியைப் பார்த்த பிறகுதான் மாறினேன்.

மறுநாள் அம்மா அவளிடம், “பின்னால போயி ரெண்டு வல்லாரக் கீர கிள்ளிட்டு வாடி” என்றாள். அவள் போகவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏண்டி?”

“நாந் தொட்டா கருகிரும்.”

அம்மா முதலில் அதட்டினாள், பிறகு ஒன்று வைத்தாள். அவள் அழவும் இல்லை. அன்றிலிருந்து பச்சையாக எதையும் தொடமாட்டாள். தேயிலை ஓரமாக நடக்கும்போது பாவாடையை இறுக்கிச் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள், இலையில் படக் கூடாதென்று. சோற்றில் கறிவேப்பிலை கிடந்தால் தட்டையே தள்ளிவிடுவாள். பிளேன் டீ மட்டும் குடித்தாள். “நாந்தாங்க்கா மொதல்ல வா வான்னேன்” என்று என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள். நான் சாமி முன்னால் நின்று, ஆமாம், கூப்பிட்டோம் என்று சொல்லிவிட்டால், இவள் கிழவியாகும் வரை கையைக் கட்டிக்கொண்டே நடப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் டிஸ்பென்சரிக்கு ஓடினேன். தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு போனேன்.

“ஐயா, பனி கூப்பிட்டா வருமாங்க?”

அவர் சிரிக்கவில்லை. கதை அவர் காதுக்கும் போயிருந்தது. “இல்லைப் பிள்ளை. ராத்திரியிலை நிலம் தன்ரை சூட்டை வானத்துக்கு விட்டிடும். மேகம் இருந்தால் அது கம்பளி மாதிரி மூடிக்கொண்டு நிக்கும், சூடு போகாது. மேகமும் இல்லை, காத்தும் இல்லையெண்டால் நல்லாக் குளிர்ந்து போடும். குளிர்ந்த காத்து பாரம். தண்ணி மாதிரிப் பள்ளத்துக்கு ஓடும். அங்கைதான் கூட உறையும்.”

“மரம் இருந்தா?”

“மரமும் கம்பளிதான்.”

“வெள்ளிக்கெழம வந்து இதைச் சொல்லுங்கய்யா. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க.”

வெகு நேரம் பேனையின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். “எனக்கு உங்கடை கோயில் விசயத்துக்குள்ளை வரேலாது, பிள்ளை. நான் வெளியாள்” என்றார்.

எத்தனையோ வருடம் அவர் மேல் கோபமாக இருந்தேன். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அவர் அடையாள அட்டையில் இருந்த ஊர்ப் பெயரைப் பார்த்தாலே எந்தச் சோதனைச் சாவடியிலும் இறக்கி நிறுத்துவார்கள் என்பதும், பண்டாரவளைக்கு மருந்தெடுக்கப் போனால்கூடத் திரும்பி வரும்வரை அவர் வீட்டம்மா கேட்டில் நிற்பார் என்பதும் பெரியவளான பிறகுதான் விளங்கியது. ஊரில் ஒரு பத்துப் பேர் அவருக்கு எதிராகத் திரும்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும். விளங்குகிறது. ஆனாலும் வந்திருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் விடியற்காலையில் தங்கச்சியைக் கம்பளியில் சுற்றி வாசல்படியில் உட்கார வைத்தேன். லயத்துக் கூரைகளிலிருந்து அடுப்புப் புகை கிளம்பியது. காற்று இல்லை. புகை கொஞ்சம் மேலே எழும்பி, பிறகு சோம்பல்பட்ட மாதிரிச் சரிந்து, மெதுவாகக் கீழே வழிந்து பள்ளத்து மலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

“பாத்தியா? குளுந்த காத்து அங்கதான் போயித் தேங்குது. பொகையும் அது கூடவே போகுது. நீ கூப்பிட்டியா?”

“இல்ல.”

“யாரு கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிடல. பாரம்.” ஆனால் கை கம்பளிக்குள்ளேயே இருந்தது. எனக்கு அவள் நம்பிய மாதிரித் தெரியவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்தேன்.

மாஸ்டரிடமும் போய் நின்றேன். “சேர், நான் சொல்ல மாட்டேன் சேர்.”

“அட, சொல்லிட்டுப் போயேம்மா. வாய்தானே? சொல்றதால என்னா கொறஞ்சிரும்?” என்றார். நல்ல மனுஷன். பிள்ளைகளை அடிக்காதவர். ஆனால் அந்தச் சொல்லை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சாமி முன்னால் சொல்வது வெறும் வாய்தான் என்றால், நாம் விளக்கேற்றிச் சொல்வதெல்லாம் என்ன?

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் நனைந்து, பல் கிட்டிக்க, பதினைந்து பிள்ளைகள் மரத்தடியில். சுற்றினோம், மூன்று முறை. நானும் சுற்றினேன். சாமியைச் சுற்ற எனக்கென்ன கசக்கிறதா? தேங்காய் உடைத்தார்கள், கும்பிட்டேன். நீங்கள் எல்லோரும் பூசாரி மாமா சொல்லச் சொல்ல மன்னிப்புக் கேட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆறு வயதும் ஏழு வயதும், பெற்றவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“இப்ப நீ சொல்லும்மா, டீச்சரம்மா” என்றார் தலைவர்.

“நான் சொல்ல மாட்டேங்க.”

அம்மா இடுப்பில் கிள்ளினாள். அந்த இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது.

“என்னாது?”

“நாங்க கூப்பிட்டு அது வரல. கூப்பிட்டதா சொன்னா சாமிக்கிட்டப் பொய் சொன்ன மாதிரி. பொய் சொல்ல மாட்டேன்.”

“பத்து வயசுல வாயப் பாரு! கெழவி மாதிரில்ல பேசுது.”

“இங்க பாருங்க” என்று குனிந்து காட்டினேன். ஈரப் பாவாடை காலில் ஒட்டிக்கொண்டது. “மல முழுக்கக் கருத்துப்போச்சு. இந்த மரத்தடியில மட்டும் துளிரு பச்சையா இருக்கு. எங்க வெள்ளித்தாள் தொங்குறது இந்த எடத்துலதானே? நாங்க கூப்பிட்டு வந்திருந்தா இங்கதானே மொதல்ல கருகணும்?”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மரத்தின் கிளை பரந்த அளவுக்கு, பாய் விரித்த மாதிரி, பச்சை.

“அது சாமி தன் எடத்தக் காப்பாத்திக்கிட்டாரு” என்றார் தலைவர்.

“அப்ப நாங்க நின்ன எடத்தையும் சேத்துத்தான் காப்பாத்திருக்காரு. எங்க மேல கோவமில்லன்னுதானே அர்த்தம்?”

பின்னால் யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. என்னை விட்டுவிட்டுத் தங்கச்சியின் பக்கம் குனிந்தார். குரலில் வெல்லம்.

“நீ சொல்லு கண்ணு. ஒங்கக்காவுக்குத் திமிரு. நீ நல்ல புள்ள. நீதானே மொதல்ல வா வான்ன? சாமியப் பாத்து, நாந்தான் கூப்பிட்டேன்னு சொல்லிரு.”

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கல்லைப் பார்த்தாள். கல்லில் குங்குமம் நனைந்து வழிந்திருந்தது. உதடு நீலம் பாரித்து நடுங்கிற்று. முன்னால் ஓரடி வைத்தாள். பின்னால் இருந்த கைகளை எடுத்தாள், குவித்தாள். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகள் நிற்பார்களே, அப்படி நின்றாள்.

“கவ்வாத்து சாமி அவர்களுக்கும், பெரியோர்களுக்கும், என்னோட படிக்கிற புள்ளைங்களுக்கும் வணக்கம்!” பள்ளமே எதிரொலித்தது. “காத்து இல்லாத ராத்திரி, மேகம் இல்லாத ராத்திரி, நெலத்தோட சூடு வானத்துக்குப் போயிரும். குளுந்த காத்து பாரம். அது பள்ளத்துல போய்ப் படுத்துக்கும். அங்க காத்துல இருக்குற தண்ணி எலையில ஒட்டி ஒறஞ்சிரும். மரத்தடியில ஒறையாது. மரம் கம்பளி மாதிரி. பனிக்குக் காது இல்ல. வான்னாலும் வராது, போன்னாலும் போகாது. நன்றி, வணக்கம்!”

பனிக்குக் காது இல்லை என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அவளே சேர்த்தது.

பூசாரி மாமா திருநீற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். கை கூப்பிக்கொண்டு ஒரு குழந்தை முன்னால் நிற்கிறது. பழக்கத்தில் அவர் கை தானாகவே தட்டுக்குப் போய், அவள் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டது. பூசிய பிறகுதான் தலைவரைப் பார்த்தார்.

அப்போது அப்பா வாயைத் திறந்தார். “புள்ள சொல்றது சரிதான், தலைவரே. நெழல் மரத்த எறக்குனது நாங்க. குளுரு மாசத்துல எறக்க வேணாம்னு அப்பவே சொன்னேன். நீங்கதான் வெறகு கெடைக்கும் பேசாம இருன்னீங்க. அந்த வெறகுதான் இன்னைக்கும் எல்லா வூட்டு அடுப்புலயும் எரியுது. எங்க வூட்டுலயும் எரியுது. கேக்கணும்னா நாம கேக்கணும்.” துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டார். எழுந்து, எங்களைப் பார்க்காமலே நடந்தார்.

தலைவர் மன்னிப்புக் கேட்டாரா என்றால் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. வெள்ளித்தாள்களை அறுத்து எறிந்தார்கள். திங்கட்கிழமை மாஸ்டர் என்னைப் பின்பெஞ்சில் உட்கார வைத்து, சின்ன வகுப்புக்கு வேறொருத்தியைப் போட்டார். அவள் அவர்களைக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைப்பதோடு சரி. அடுத்த பூசைக்குக் கத்தி வைக்கும் முறை அப்பாவுக்கு வரவில்லை. நாம் ஜெயித்தோம் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் கூப்பிடவில்லை, அதைத்தான் சொல்கிறேன். அந்தக் கல்லுக்கு இப்போதும் நான் போகிறேன், தேங்காய் உடைக்கிறேன், என் குறையெல்லாம் சொல்லி அழுகிறேன். அந்த ஒரு மன்னிப்பை மட்டும் கேட்டதில்லை. சாமியும் கேட்டதில்லை.

அன்று மலையை விட்டு மேலே ஏறும் பாதையில், கவ்வாத்துப் படாத பழைய தேயிலை இரண்டு பக்கமும் இடுப்பளவு நிற்கும். அப்பா முன்னால் போய்விட்டார். தங்கச்சி எனக்கு முன்னால் நடந்தாள். பாவாடையைச் சுருட்டிப் பிடிக்கவில்லை. கொஞ்ச தூரம் போய் ஒரு கையை நீட்டினாள். விரல் நுனியால் ஒரு இலையைத் தொட்டாள், நின்று பார்த்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து, செடிகளின் தலைமேல் தடவிக்கொண்டே நடந்தாள்.

பின்னால் அம்மா எங்கள் இருவரையும் வம்சத்தோடு திட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் நிறுத்தி, “ஏய், கொழுந்த ஒடிக்காதடி! கணக்கப்புள்ள பாத்தா தோல உரிச்சிருவாரு!” என்று கத்தினாள்.

அவள் ஒடித்துவிட்டிருந்தாள். ஒன்றில்லை, கை நிறைய.